கேழ்வரகுக் காலத்துக் களிறுகள்

நுழையும்முன்

காட்டு விலங்குகள் ஊருக்குள் நுழைந்த செய்திகளை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். அந்த விலங்குகளைப் பின்தொடர்ந்து, ஆண்டுக்கணக்கில் நடந்து, எண்ணி, அளந்து, குறித்து வைத்த ஆய்வு மாணவர்களைப் பற்றி அரிதாகவே அறிகிறோம். மனிதச் செயல்கள் யானையின் வாழ்வை எவ்வாறு மாற்றியுள்ளன என்பதை, நம் மாநிலத்தின் வடமேற்கு எல்லையையும் அதை ஒட்டிய நிலங்களையும் முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கிருஷ்ணகிரிக்குச் சற்று முன்னர் வருவது பர்கூர். சாலையின் இருமருங்கும் துணிக்கடைகள் நிறைந்த ஊர். ஈரோடு மாவட்டத்தில் அந்தியூரை அடுத்து, மாட்டினத்தால் பெயர்பெற்ற பர்கூர் மலை வேறு; இந்தப் பர்கூர் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதப்பட்ட விடைத்தாள்கள் பலவற்றை நான் திருத்தியிருக்கிறேன். பர்கூரில் தொடங்கி ஓசூர் வரையிலும் இன்று சிப்காட் தொழிற்பேட்டைகளும் அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்து தரும் பட்டறைகளும் பெருகிவிட்டன. ஆயினும் பேருந்தின் சன்னல் வழியே கூர்ந்து நோக்கினால் ஆலைச் சுவர்களுக்கு இடையே வேறொரு நிலம் புலப்படும். பாறைக் குன்றுகள், முட்புதர்கள், சிற்றேரிகள், மாந்தோப்புகள், கேழ்வரகு வயல்கள் ஆகியன ஒன்றையடுத்து ஒன்றாகக் கருநாடக, ஆந்திர எல்லைகள் வரை நீள்கின்றன.

அந்த நிலத்தின் வழியே யானைகள் நடக்கின்றன. 1980களில் ஓசூர், தருமபுரிக் காடுகளைச் சேர்ந்த யானைகள் சில, கிழக்கு நோக்கிக் குன்றுகளைக் கடந்து ஆந்திர மாநிலத்தின் சித்தூர்ப் பகுதிக் காடுகளைச் சென்றடைந்தன. பல தலைமுறைகளாக யானையையே கண்டிராத காடுகள் அவை. வந்த யானைகள் அங்கேயே தங்கிவிட்டன. அவற்றுக்கெனக் கௌண்டின்யா காட்டுயிர்ச் சரணாலயம் 1990ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. புறப்பட்ட காட்டுக்கும் சென்றடைந்த காட்டுக்கும் இடைப்பட்ட நிலமே கிருஷ்ணகிரி வட்டாரம். வேப்பனப்பள்ளி, மகாராஜகடை போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு யானை வருகை புதிய செய்தியன்று.

யானையின் நாட்காட்டி

பன்னேர்கட்டாக் காடுகளிலிருந்து தளி, ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டைப் பகுதிக்கு யானைகள் வரும் காலம் ஏறத்தாழ ஐப்பசி, கார்த்திகை. சில கூட்டங்கள் ஓசூரை அடுத்த சானமாவுக் காடு வரை வந்து தங்கும். தை, மாசி அளவில் திரும்பத் தொடங்கும். அவை வரும் காலமும் கேழ்வரகு கதிர்விட்டு முற்றும் காலமும் ஒன்றாக இருப்பதை உழவர்கள் எவரும் சொல்லித்தராமலேயே அறிந்திருந்தனர். பரண் கட்டி, தீ மூட்டி, தகரம் தட்டி, இரவெல்லாம் கண்விழித்துக் காவலிருப்பது இங்கே வேளாண்மையின் ஒரு பகுதி. சங்க இலக்கியத்தின் குறிஞ்சித் திணையில் தினைப்புனம் காத்த மகளிர் கிளிகளை விரட்டியதைப் படித்திருப்பீர்கள். அந்தப் பாடல்களில் புனத்தை நாடி வரும் யானைக்கும் இடமுண்டு.

ஆசிய யானையைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1986ஆம் ஆண்டு முதல் அழியும் நிலையிலுள்ள விலங்குகளின் பட்டியலில் வைத்துள்ளது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் யானைக்கு மிக உயர்ந்த பாதுகாப்பை வழங்குகிறது. 2010இல் இந்திய அரசு அதனைத் தேசிய மரபுரிமை விலங்காக அறிவித்தது. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,063 யானைகள் உள்ளன. எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியிருக்கையில் அழியும் நிலை என்பானேன் என்னும் ஐயம் எழலாம். யானைக்கு எண்ணிக்கை மட்டும் போதாது. நடப்பதற்கு நிலம் வேண்டும். வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ உணவு உட்கொள்ளும். ஒரே இடத்தில் நின்று அந்த அளவை உண்டால் எந்தக் காடும் தாங்காது. ஆகவே அது நடக்கிறது. நடக்கும் வழியில் சாலையும் இருப்புப்பாதையும் சுற்றுச்சுவரும் குறுக்கிட்டால் காடு துண்டுபடுகிறது. துண்டுபட்ட காட்டில் யானைகள் இருக்கும். அவற்றின் எதிர்காலம் உறுதியாக இராது.

வயலோரத்தில் ஒரு முனைவர் பட்டம்

மனிதச் செயல்கள் யானையை எவ்வாறு பாதிக்கின்றன, யானை மனிதரை எவ்வாறு பாதிக்கிறது என்னும் இரண்டையும் ஒருசேர ஆராய முற்பட்டவர்களுள் முன்னோடி, சென்னையில் பிறந்த இராமன் சுகுமார். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மாதவ் காட்கில் வழிகாட்டுதலில் முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்த அவர், 1981ஆம் ஆண்டு சத்தியமங்கலம், சாமராசநகர்க் காடுகளில் தம் களப்பணியைத் தொடங்கினார். பகலில் காட்டுக்குள் யானை உண்ணும் செடிகொடிகளைக் குறித்தார். பயிர் சேதமுற்ற வயல்களுக்குச் சென்று இழப்பை அளந்தார். எந்த யானை வந்தது, எத்தனை வந்தன, ஆணா பெண்ணா என உழவர்களிடம் கேட்டறிந்தார். யானையைப் பற்றிய ஆய்வு காட்டோடு முடிந்துவிடாது, அதன் மறுபாதி வயலில் இருக்கிறது என்று கண்டதே இந்த ஆய்வின் சிறப்பு எனக் கருதுகிறேன்.

அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று எளிய கணக்கு. ஆனால் அதுவரை எவரும் போட்டிராத கணக்கு. வளர்ந்த ஆண் யானையொன்று ஆண்டுக்குச் சராசரியாக 49 இரவுகள் வயலில் மேய்ந்தது. கூட்டத்தோடு வாழும் பெண் யானையோ எட்டு இரவுகள் மட்டுமே வந்தது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? பெண் யானைகள் கன்றுகளோடு வாழ்பவை. தீப்பந்தத்தையும் வெடியையும் எதிர்கொண்டால் கன்றுக்கு ஆபத்து நேரலாம். ஆணுக்கு அத்தகைய பொறுப்பு இல்லை. மேலும் உடல் பெருத்து, மதநீர் சுரக்கும் வலிமையுற்ற ஆணையே பெண் யானைகள் பெரிதும் விரும்பி ஏற்கின்றன. எனவே நல்ல உணவு கிடைக்குமாயின் உயிரைப் பணயம் வைப்பதும் ஆணுக்கு ஆதாயமாகிறது.

பயிர் அத்துணை நல்ல உணவா என்னும் வினாவுக்கும் அந்த ஆய்வில் விடையுண்டு. காட்டுப் புற்களைவிடப் பயிரிடப்படும் தானியத் தாவரங்களில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உப்புச் சத்தும் மிகுதி. நம் வீடுகளில் குழந்தைக்கும் முதியோருக்கும் கேழ்வரகுக் கூழ் தருவதற்கு எது காரணமோ, யானை கேழ்வரகை நாடுவதற்கும் ஏறத்தாழ அதுவே காரணம்.

இங்கே ஒரு பொதுக்கருத்தைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டும். காட்டில் உணவில்லை, ஆதலால் யானை ஊருக்குள் வருகிறது என மேடைகளிலும் கட்டுரைப் போட்டிகளிலும் கூறி வருகிறோம். அது முழு உண்மையன்று. கேழ்வரகு முற்றும் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து காடும் பசுமையாகவே இருக்கிறது. அப்போதுதான் வயல்களில் யானை வருகை மிகுகிறது. காடு சுருங்கியதும் துண்டுபட்டதும் உண்மை. அதனால் வயலும் காடும் தொட்டுக்கொள்ளும் எல்லை நீண்டுவிட்டது. அந்த எல்லையில், குறைந்த நேரத்தில் மிகுந்த சத்து கிடைக்கும் இடத்தை யானை தேர்ந்தெடுக்கிறது. பசியால் வருகிறது என்று சொல்வதினும் அறிந்தே வருகிறது என்று சொல்வது பொருந்தும்.

இந்த இடத்தில் புறநானூற்றின் 184ஆம் பாடலை நினைவுகூரலாம். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடியது அது. சிறு நிலத்து விளைச்சலும் அளவறிந்து ஊட்டினால் யானைக்குப் பல நாள் பயன்படும். அதுவே பரந்த வயலுக்குள் புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பதே பெரிதாகும். வரி தண்டும் முறையை அரசனுக்கு உணர்த்த எழுந்த உவமை இது. ஆயினும் யானை புகுந்த வயலைக் கண்ணால் கண்ட ஒருவரே இவ்வுவமையைச் சொல்லியிருக்க இயலும். கடன்பட்டு விதைத்த ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாய் ஓர் இரவில் மண்ணோடு மண்ணாவதை இன்றைய உழவர்களும் அதே கண்களால் காண்கின்றனர்.

முகம் அறிந்த 248 யானைகள்

சுகுமாரின் ஆய்வுக்கு முப்பதாண்டுகளுக்குப் பின்னர், பெங்களூரிலுள்ள தேசிய உயராய்வு நிறுவனத்தின் ஆய்வு மாணவர் நிஷாந்த் சீனிவாசய்யா அதே வினாவை வேறொரு முனையிலிருந்து தொடர்ந்தார். ஆண் யானை பதின்பருவத்தில் தாயின் கூட்டத்தைவிட்டுப் பிரிந்துவிடும். பின்னர்ப் பெரும்பாலும் தனித்தே வாழும். இணை தேடும் காலத்தில் மட்டும் பெண்களை நாடும். நூல்கள் இவ்வாறே கூறின. ஆனால் பெங்களூரைச் சூழ்ந்த, காடும் வயலும் கலந்த பகுதிகளில், ஐந்தாறு ஆண் யானைகள் ஒன்றாகச் சுற்றுவதைப் பலரும் கண்டனர். இது தற்செயலா, புதிய வழக்கமா?

இதற்கு விடை காண ஒவ்வொரு யானையையும் தனித்தனியே அடையாளம் காண வேண்டும். காதுமடலின் ஓரம் கிழிந்திருக்கும் விதம், காது மடிந்திருக்கும் பக்கம், தந்தத்தின் வளைவு, முதுகின் அமைப்பு, வால்நுனி மயிர் எனக் கூர்ந்து நோக்குவோருக்கு இரண்டு யானைகள் ஒருபோதும் ஒன்றுபோல் தோன்றா. 2016 பிப்ரவரி முதல் 2017 திசம்பர் வரை 23 மாதங்களில் நேரடியாகவும் தானியங்கி ஒளிப்படக் கருவிகளாலும் பதிவு செய்யப்பட்ட 1,445 காட்சிகளிலிருந்து 248 ஆண் யானைகள் பிரித்தறியப்பட்டன. ஒவ்வொன்றின் வயதும் உடல்நிலையும், அது தனித்திருந்ததா துணையோடு இருந்ததா என்பதும், அவ்விடம் காடா வயலா என்பதும் குறிக்கப்பட்டன. அநிந்திய சின்ஹா, சுகுமார் முதலானோருடன் சேர்ந்து எழுதிய அந்த ஆய்வுக் கட்டுரை 2019ஆம் ஆண்டு ‘சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளிவந்தது.

யானையின் வயதையும் அளவையும் மதிப்பிடும் முறைகளுள் ஒன்றை நீங்களும் அறிந்துகொள்ளலாம். யானையின் முன்கால் தடத்தின் சுற்றளவை நூலால் அளந்து இரண்டால் பெருக்கினால், அதன் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். யானை போன பின்னர் ஈரமண்ணில் எஞ்சிய தடம் ஒன்றே இதற்குப் போதுமானது. யானையைக் காணாமலேயே யானையை அளக்கும் இந்த முறையில் ஆபத்தும் குறைவு. சாணமும் அவ்வாறே ஒரு சான்று. கேழ்வரகுத் தவிடும் மாங்கொட்டையும் பலாவிதையும் அதில் கிடைத்தால் அதன் முந்தைய நாளின் பயணம் விளங்கும். சில வேளைகளில் நெகிழிப் பைகளும் கிடைக்கும்.

ஆய்வு காட்டிய முடிவு வியப்புக்குரியது. அடர்ந்த காட்டுக்குள் ஆண் யானைகள் பெரும்பாலும் பழைய வழக்கப்படியே தனித்திருந்தன. காடு துண்டுபட்டும் மனிதர் மிகுந்தும் உள்ள பகுதிகளிலோ, முழு வளர்ச்சி அடையாத இளம் ஆண்கள் தமக்குள் கூட்டம் சேர்ந்து, நெடுங்காலம் பிரியாமல் வாழ்ந்தன. பயிர்களை நம்பி வாழ்ந்த ஆண்களின் உடல்நிலையும் நன்றாகவே இருந்தது. அறியாத நிலத்தில் ஆபத்து மிகுதி. கூட்டமாக இருந்தால் அதைத் தாங்க இயலும். மூத்ததொரு யானையிடமிருந்து ஏரி எங்கே, வேலி எங்கே, மனிதர் உறங்கும் நேரம் எது என்பதை இளையவை கற்றுக்கொள்ளவும் வாய்ப்புண்டு. ஆய்வாளர்கள் இவ்வாறே விளக்கினர்.

மனிதச் செயல் விலங்குகளைப் பாதிக்கிறது என்றால், அவற்றின் எண்ணிக்கை குறைகிறது என்று மட்டும் பொருள்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. இந்த ஆய்வு அதற்கும் அப்பால் செல்கிறது. ஆலையும் சாலையும் வயலும் சேர்ந்து ஓர் உயிரினத்தின் சமூக வாழ்வையே மாற்றியமைத்திருக்கின்றன. நட்பு, பயிற்சி, தலைமை போன்ற சொற்களை யானைக்குப் பயன்படுத்த அறிவியலார் தயங்குவர். மொழியாசிரியனாகிய எனக்கு அத்தயக்கம் சற்றுக் குறைவு.

வேலி, இடமாற்றம், எச்சரிக்கை விளக்கு

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 பேர் யானைகளால் உயிரிழக்கின்றனர். மனிதச் செயல்களால் மாளும் யானைகளும் பல. அவற்றுள் மின்சாரம் தாக்கி இறப்பவையே மிகுதி. சூரிய ஆற்றல் மின்வேலி, நொடியின் சிறு பகுதி மட்டும் அதிர்வு கொடுத்து நின்றுவிடும். அது விலங்கை அச்சுறுத்துமே தவிரக் கொல்லாது. மின்கம்பத்திலிருந்து நேரடியாகக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சும் சட்டத்துக்குப் புறம்பான வேலியோ தொட்ட உயிரை விடுவதில்லை. 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடனிருந்த இரு குட்டிகள் உயிர்தப்பி, இறந்தவற்றின் அருகிலேயே நின்றன. தோட்டத்தைக் காக்க நினைத்த ஒருவரின் அச்சத்திலிருந்துதான் அந்த வேலி பிறந்தது என்பதையும் மறுக்க இயலாது. எனினும் அது மனிதரையும் கொல்லக்கூடிய வேலி.

சிக்கல் தரும் யானையைப் பிடித்துத் தொலைவில் விட்டுவிடலாமே எனப் பலரும் கேட்பர். அதே 2023இன் பிப்ரவரி மாதத்தில், பாலக்கோடு பகுதியில் பயிர்களைச் சேதப்படுத்திய மக்னா ஒன்று பிடிக்கப்பட்டு ஆனைமலைக் காட்டில் விடப்பட்டது. தந்தமில்லா ஆண் யானையே மக்னா எனப்படும். மூன்று வாரங்களுக்குள் அது நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்து கோயம்புத்தூர் நகரின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தது. இது விதிவிலக்கன்று. இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவர்தம் குழுவினரும், இடம்மாற்றப்பட்ட ஆண் யானைகளின் கழுத்தில் இருப்பிடங்காட்டும் பட்டைகளைக் கட்டிப் பின்தொடர்ந்தனர். சில யானைகள் பிடிபட்ட இடத்துக்கே திரும்பின. சில அலைந்து திரிந்தன. சில புதிய இடத்தில் நிலைகொண்டன. மொத்தத்தில், மனிதருக்கும் யானைக்கும் இடையிலான மோதல் தணியவில்லை, புதிய ஊர்களுக்கும் பரவியது. யானை இறப்பும் கூடியது. 2012இல் வெளியான இம்முடிவு, எளிதாகத் தோன்றும் தீர்வின் விலையை நமக்குக் காட்டுகிறது.

ஆய்வு பயன்தந்த இடமும் உண்டு. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த எம். ஆனந்தகுமார், யானைகளின் நடமாட்டத்தையும் மனித உயிரிழப்புகள் நேர்ந்த சூழலையும் பல ஆண்டுகள் பதிவு செய்தார். யானை அருகில் இருப்பதை அறியாமல் அந்தி நேரத்தில் எதிர்ப்பட்டவர்களே பெரும்பாலும் உயிரிழந்தனர் என்பது அப்பதிவுகளிலிருந்து தெளிந்தது. யானை இருக்குமிடத்தை முன்கூட்டியே மக்களுக்கு அறிவித்தால் போதும் என அவர் முடிவு செய்தார். மாலையில் கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தி. தொலைக்காட்சியில் ஓடும் எழுத்து. முதன்மையான இடங்களில் கைப்பேசி அழைப்பால் எரியும் சிவப்பு விளக்கு. இவற்றுக்குப் பெரும்பொருள் தேவைப்படவில்லை. விளக்கு எரிந்தால் அன்றிரவு வேலை முடிந்து திரும்புவோர் வேறு வழியில் செல்வர். இப்பணிக்காக 2015இல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. தொழிலாளர் மூன்று முறைகளாக வேலைக்குச் சென்று திரும்பும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கும் இத்தகைய ஏற்பாடு பொருந்தும் என்பது என் எண்ணம். இங்கே யானையோடு வாகனங்களின் விரைவையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும்.

நிலத்தைக் காக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. 2014இல் காவிரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயமும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் காவிரி தெற்குக் காட்டுயிர்ச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. பின்னது, தமிழ்நாட்டுப் பகுதியையும் கருநாடகத்தின் காவிரிச் சரணாலயத்தையும் இணைக்கிறது. ஆற்றங்கரை மரங்களில் வாழும் நரைநிற மலையணிலுக்கும் இதனால் புகலிடம் கிடைத்தது. ஆயினும் மேற்சொன்ன இளம் களிறுகள் நடக்கும் நிலத்தின் பெரும்பகுதி எந்தச் சரணாலயத்தின் எல்லைக்குள்ளும் வராது. பட்டா நிலம், ஏரிப் புறம்போக்கு, சாலை, ஆலை வளாகம் என அது பலரின் உடைமையாகக் கிடக்கிறது.

யானை அறுபது ஆண்டுகள் வரை வாழக்கூடியது. அதன் வாழ்வில் 23 மாதங்கள் என்பது மிகச் சிறிய பகுதி. 2016ஆம் ஆண்டு ஒளிப்படத்தில் பதினைந்து வயதினதாகப் பதிவான களிறு, 2036ஆம் ஆண்டில் முப்பத்தைந்து வயதை எட்டும். அப்போது அது வயலோரக் கூட்டத்தோடே இருக்குமா, தனித்துக் காட்டுக்குத் திரும்பியிருக்குமா, தன்னைத் தொடரும் இளையவற்றுக்கு எந்த வழியைக் காட்டும் என்னும் வினாக்களுக்கு விடை இன்னும் எழுதப்படவில்லை. காதுமடலின் கிழிசலையும் தந்தத்தின் வளைவையும் பழைய படங்களோடு ஒப்பிட்டு அந்தக் களிற்றை அடையாளம் காணப்போகும் ஆய்வாளர், இன்று உங்கள் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒருவராகவும் இருக்கலாம்.